பட்டை உரித்தலும் நாட்டு மரங்களின் அழிவும்

திருவண்ணாமலை நகரத்திற்கு மேற்கே, மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை என்னும் கிராமம் அமைந்துள்ளது. ஆதி அருணாசலேசுவரர் கோயிலை உடைய இவ்வூரின் முன்னே நிற்கும் மலை சுமார் 2,670 அடி உயரமுள்ளது. அதன் சரிவுகளிற் பெரும்பகுதி நெடுங்காலம் மரமற்றுப் பாறையும் புல்லுமாகவே காட்சியளித்து வந்தது. அளவுகடந்த விறகு வெட்டும், கட்டுப்பாடற்ற மேய்ச்சலும், ஆண்டுதோறும் கோடையில் பரவிய தீயுமே அதற்குக் காரணங்களாம். 1980களின் பிற்பகுதி முதல் நாட்டு மரக் கன்றுகளை நட்டும், தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியும் வந்ததன் பயனாக இன்று மலையிற் பல இடங்களில் பசுமை மீண்டிருக்கிறது. ஒரு கன்று மரமாவதற்கு எத்தனை கோடைகளைக் கடக்க வேண்டுமென்பதை இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் கண்கூடாகக் கண்டு அறிந்திருக்கிறார்கள்.

கோடரியுடன் ஒருவன் தோப்பினுள் நுழைந்தால் எவரும் அவனைத் தடுத்து விசாரிப்பர். சிறு கத்தியும் சாக்குப் பையும் கொண்டு வருபவனை மரத்திற்குக் கேடு செய்பவனென்று எவரும் எண்ணுவதில்லை. அவன் மருந்துக்கென்றோ, தோல் பதனிடுவதற்கென்றோ, ஊதுவத்திப் பசைக்கென்றோ கொஞ்சம் பட்டையை உரித்துச் செல்கிறான். அவன் போன பின்பும் மரம் நின்றபடியே நிற்கிறது. இலைகளும் பச்சையாகவே இருக்கின்றன. ஆனால் சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்ட மரம் வெட்டப்பட்ட மரத்திற்கு ஒப்பானதே. இவ்வுண்மையை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் நன்கு உணர்தல் வேண்டும். பட்டையினால் வரும் வருமானத்தை இழக்காமல் மரத்தையும் காப்பாற்றக்கூடிய வழிகள் கீழே விவரிக்கப்படுகின்றன.

பட்டை மரத்திற்குச் செய்யும் வேலை

மரத்தின் பட்டை வெறும் போர்வையன்று. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. வெளியே கரடுமுரடாகவும் காய்ந்தும் இருப்பது புறப்பட்டை. இது வெயில், தீ, பூச்சி, பூஞ்சணம் ஆகியவற்றினின்றும் மரத்தைக் காக்கிறது. அதற்குள்ளே ஈரமாயும் நார் நாராயும் இருப்பது உட்பட்டை. இலைகள் சூரிய வெளிச்சத்தின் உதவியால் தயாரிக்கும் உணவு இந்த உட்பட்டையின் வழியாகவே கீழிறங்கி வேர்களைச் சென்றடைகிறது. உட்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, தொட்டால் வழுக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. இதனை வளர்படலம் எனலாம். வெளிப்புறம் புதிய பட்டையையும் உட்புறம் புதிய கட்டையையும் உண்டாக்கி, மரத்தைப் பருக்கச் செய்வது இதுவே. வேர் உறிஞ்சும் தண்ணீரோ பட்டையின் வழியாகச் செல்வதன்று. அது கட்டையின் வெளிப்புற அடுக்குகளின் வழியாக மேலேறுகிறது.

பட்டையை ஒரு சுற்று முழுவதும் உரித்துவிட்டால் நிகழ்வது யாது? தண்ணீர் முன்போலவே கட்டையின் வழியாக மேலே செல்வதால் இலைகள் உடனே வாடுவதில்லை. ஆனால் இலைகளிலிருந்து வேருக்குப் போகும் உணவு அடியோடு தடைப்படுகிறது. வேர், தன்னிடம் முன்னமே சேர்ந்திருந்த உணவைக் கொண்டு சில காலம் உயிர் பிழைக்கிறது. அச்சேமிப்புத் தீர்ந்தபின் நுனி வேர்கள் மடிகின்றன. பின்னர் தண்ணீர் உறிஞ்சுவதும் குன்றி, மரம் மேலிருந்து காயத் தொடங்குகிறது. சில மரங்கள் சில மாதங்களிலும், சில மரங்கள் ஓரிரண்டு ஆண்டுகள் கழித்தும் பட்டுப்போகின்றன. இவ்விடைவெளியே மக்களை ஏமாற்றுவது. உரித்தவன் வேறு ஊருக்குச் சென்றுவிடுகிறான். மரம் பட்டுப்போனதற்கு வறட்சியையோ கறையானையோ காரணமாகச் சொல்லுகிறோம்.

இதனைப் பரிசோதித்தறிய விரும்புவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மாதுளை, எலுமிச்சை முதலியவற்றில் விண்பதியம் போடுகையில், கிளையைச் சுற்றி ஓர் அங்குல அகலம் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி வைத்துக் கட்டுவது வழக்கம். வளையத்தின் மேல் விளிம்பு தடித்து, அவ்விடத்திலிருந்தே வேர்கள் புறப்படுகின்றன. கீழ் விளிம்பில் அவ்வாறு உண்டாவதில்லை. மேலிருந்து இறங்கும் உணவு வளையத்திற்கு மேலே தேங்கி நிற்பதே இதற்குக் காரணம். தாய்ச்செடியின் மற்றக் கிளைகள் வேரைப் போஷிப்பதால் செடி சாவதில்லை. அதே வளையத்தை அடிமரத்தில் இட்டால் வேரைப் போஷிப்பதற்கு வேறு வழியே இல்லை.

எந்தெந்த மரங்களுக்கு இவ்வாபத்து

நமது வட்டாரத்தில் ஏரிக்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் வளரும் மருத மரத்தின் பட்டை சித்த, ஆயுர்வேத வைத்திய முறைகளில் இருதய நோய்களுக்கு மருந்தாகப் பயன்படுகிறது. ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கின் பட்டைகளைச் சேர்த்து நாற்பாமரப் பட்டை என வழங்குகிறார்கள். வேம்பு, நாவல், மாவிலங்கு, குடசப்பாலை ஆகியவற்றின் பட்டைகளும் மருந்துக் கடைகளில் விலை போகின்றன. வெள்வேலின் பட்டை சாராயம் வடிப்பதில் பயன்பட்டு வந்தது. சரக்கொன்றையின் பட்டையும் ஆவாரையின் பட்டையும் தோல் பதனிட உதவின.

அசோக மரத்தின் பட்டை பெண்களுக்கு உண்டாகும் நோய்களுக்குரிய மருந்துகளிற் சேர்வதால், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இம்மரம் அருகிவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் 1998ஆம் ஆண்டில் இதனை அழியும் நிலையை நெருங்கும் மரங்களின் பட்டியலிற் சேர்த்தனர். உண்மையான பட்டை கிடையாமையால், சாலையோரங்களில் நெட்டையாக வளரும் நெட்டிலிங்கத்தின் பட்டையை அசோகப் பட்டையென்று கலந்து விற்பதும் நடைபெறுகிறது. ஆகவே மரத்தின் அழிவு மருந்தின் தூய்மையையும் கெடுத்து, நோயாளிக்கும் நஷ்டம் விளைவிக்கிறது.

கோயில்களிலும் வீடுகளிலும் நாம் ஏற்றும் ஊதுவத்தியின் மாவு குச்சியில் ஒட்டி நிற்பதற்கு ஒரு பசைப்பொடி தேவை. இதனை வியாபாரிகள் ஜிகட் என்பர். கடைகளில் மைதாலகடி என வழங்கும் மரத்தின் பட்டையைப் பொடித்து இது தயாரிக்கப்படுகிறது. நீர் பட்டவுடன் பசையாகும் தன்மை இதற்கு உண்டு. இதற்கு இனமான மற்றொரு மரமும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இக்காரணம் பற்றியே மிகுதியாக உரிக்கப்பட்டு அழிவுக்குள்ளாயிற்று.

ஆவாரை கற்பிக்கும் பாடம்

பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. திருவண்ணாமலையும் 1989ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரையில் வட ஆற்காட்டையே சேர்ந்திருந்தது. சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்டு வெளிநாடு சென்ற தோல்களுக்கு ஆவாரம் பட்டையே முக்கியமான துவர்ப்பொருளாக விளங்கியது. ஆவாரை புதர்ச்செடி, தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் தானாகவே முளைப்பது. அதன் கொம்புகளை அடியில் அறுத்துப் பட்டையை உரித்துக்கொண்டால் தூரிலிருந்து மறுபடியும் துளிர்த்து வளரும். வேரோடு பிடுங்கினால் அவ்விடத்தில் அது மீண்டும் உண்டாவதற்கு விதை விழுந்து முளைக்க வேண்டும். இதனால் அறுத்தெடுத்தவர்களின் நிலங்களில் ஆவாரை நிலைத்தது. பிடுங்கியெடுத்த இடங்களில் அற்றுப்போயிற்று.

ஆவாரம் பட்டை தேவைக்குப் போதாமற்போகவே, தென் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. பின்னர் ஆஸ்திரேலிய மரமாகிய அவ்வாட்டிலை நீலகிரியிலும் பழனி மலையிலும் பயிராக்கினார்கள். அதுவோ நட்ட இடத்தில் நில்லாமல் மலைப் புல்வெளிகளிற் பரவி, இன்று அகற்றப்பட வேண்டிய களையாகிவிட்டது. குரோம் உப்பினால் பதனிடும் முறை வந்த பிறகு பட்டையின் தேவை குறைந்தது. ஆனால் அதன் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. உள்ளூரில் உள்ள பொருளை அளவோடு எடுத்து நிலைநிறுத்தத் தவறினால், அதற்குப் பதிலாக வருவது எப்பொழுதும் நன்மையாகவே முடியும் என்பதற்கில்லை.

உதகமண்டலத்தில் நடந்த சோதனை

மரத்தைக் கொல்லாமல் பட்டை எடுக்கும் முறையைப் பற்றிய புகழ்பெற்ற சோதனை ஒன்று நமது தமிழ்நாட்டிலேயே நடைபெற்றது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. இம்மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் காடுகளுக்கு உரியது. அங்கே பட்டை சேகரிப்போர் மரங்களை வெட்டி வீழ்த்தியே பட்டை எடுத்து வந்தனர். 1860களின் தொடக்கத்தில் அதன் விதைகளும் செடிகளும் உதகமண்டலத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே சர்க்கார் தோட்டங்களின் மேற்பார்வையாளராயிருந்த மக்கைவர் என்பவர், மரத்தின் பட்டையை நீளவாட்டில் பட்டை பட்டையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியினால் மூடிக் கட்டினார். வெயிலும் காற்றும் படாமையால் வளர்படலம் காயவில்லை. அதிலிருந்து புதிய பட்டை உண்டாயிற்று. புதிதாக வளர்ந்த பட்டையில் கொயினாச் சத்து முன்னிலும் அதிகமாகவே இருக்கக் கண்டனர்.

இச்சோதனையிலிருந்து நாம் அறிவன மூன்று. முதலாவது, இடையிடையே பட்டையை விட்டுவைத்ததனால் வேருக்கு உணவு செல்லும் வழி ஒருபோதும் அடைபடவில்லை. இரண்டாவது, வளர்படலம் சேதமின்றி இருந்தால் மரம் தன் புண்ணைத் தானே மூடிக்கொள்ளும். மூன்றாவது, பொறுத்து எடுப்பவனுக்குச் சரக்கின் தரத்திலும் குறைவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

போர்ச்சுகல் நாட்டில் தக்கை மரத்தின் புறப்பட்டையை உரித்து, புட்டிகளுக்கு மூடிகள் செய்கிறார்கள். மரம் சுமார் 25 வயதை அடையும் வரையில் அதில் கத்தி வைப்பதில்லை. அதன் பிறகு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே, உள்ளிருக்கும் உயிருள்ள பகுதிக்குக் காயமின்றி உரிக்கிறார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின்மேல் வண்ணத்தால் எழுதிவைப்பதால் முறை தவறி எவரும் உரிக்க இயலாது. இவ்வாறு பாட்டன் உரித்த மரத்தையே பேரனும் உரித்து வருகிறான். தக்கை மரத்தைப்போல் முழுச் சுற்றும் உரிக்கத்தக்க புறப்பட்டை நமது மரங்களுக்கு இல்லை. ஆயினும் ஆண்டைக் குறித்துவைக்கும் அவ்வழக்கம் நாம் பின்பற்றத்தக்கது. இலங்கையில் கறுவா பயிரிடுவோர் மரத்தை உயர வளரவிடாமல் அடியில் வெட்டி, தூரிலிருந்து கிளைக்கும் இளங்கொம்புகளை அறுத்துப் பட்டை எடுக்கின்றனர்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. ஆப்பிரிக்க மலைகளில் வளரும் ஒருவகைச் செர்ரி மரத்தின் பட்டை, முதிய ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்திற்கு மருந்தென்று ஐரோப்பாவில் பெயர் பெற்றது. கேமரூன் முதலிய நாடுகளில் வியாபாரிகளின் அவசரத்தினால் எண்ணற்ற மரங்கள் முழுவதும் உரிக்கப்பட்டு மாண்டன. 1995ஆம் ஆண்டு முதல் அப்பட்டையின் ஏற்றுமதி சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

பட்டை எடுக்க வேண்டிய முறை

தமது பட்டா நிலத்திலுள்ள மரங்களில் பட்டை எடுக்க விரும்பும் குடியானவர்கள் பின்வரும் விதிகளை அனுசரிப்பது நலம்.

1. வேறு காரணத்திற்காக வெட்டிய மரம், கழித்த கிளை, காற்றில் விழுந்த கொம்பு ஆகியவற்றின் பட்டையையே முதலிற் பயன்படுத்த வேண்டும். நிற்கும் மரத்தை நாடுவது அதற்குப் பின்னரே.

2. இளமரங்களைத் தொடலாகாது. மார்பளவு உயரத்தில் 3 அடிச் சுற்றளவுக்குக் குறைந்த மரத்தை விட்டுவிடுதல் தக்கது. நோயுற்ற மரத்தையும், சுற்றுப்புறத்தில் விதைக்கென்று எஞ்சியிருக்கும் ஒரே மரத்தையும் எக்காரணத்தைக் கொண்டும் உரிக்கக் கூடாது.

3. பட்டையை மேலிருந்து கீழாக, நீளவாட்டிலேயே எடுக்க வேண்டும். குறுக்காக ஒருபோதும் எடுக்கலாகாது. ஒரு கீற்றின் அகலம் நான்கு விரற்கடைக்கு மிகாதிருத்தல் நன்று. எல்லாக் கீற்றுகளும் சேர்ந்து மரத்தின் சுற்றளவில் காற்பங்கைத் தாண்டக் கூடாது.

4. தரையிலிருந்து இரண்டடி உயரத்திற்குக் கீழே கத்தி படலாகாது. அங்கு உண்டாகும் புண்ணில் மண்ணும் கறையானும் எளிதிற் சேரும். வேர்ப்பட்டையை எடுப்பது மரத்தின் உயிர்நாடியை அறுப்பதாகும்.

5. மருதம் போன்ற தடித்த பட்டையுள்ள மரங்களில் புறப்பகுதியையும் நடுப்பகுதியையும் மட்டும் சீவியெடுத்து, கட்டையை ஒட்டிய மெல்லிய உட்பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும். வெண்கட்டை தெரியும்படி வெட்டுவது தவறு.

6. கடுங்கோடையில் புண் விரைவில் காய்ந்து வெடிக்கும். அடைமழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இவ்விரண்டையும் தவிர்த்து, மண்ணில் ஈரமுள்ள மிதமான நாட்களில் எடுத்தல் வேண்டும்.

7. உரித்த இடத்தில் நேர்வெயில் படாதவாறு ஈரத் தென்னை நாரையோ வைக்கோலையோ இளக்கமாகக் கட்டி, சில வாரங்கள் கழித்து அவிழ்த்துவிடலாம். மக்கைவர் பாசி கட்டியதன் நோக்கமும் இதுவே.

8. முதற்கீற்று முழுவதும் மூடிப் புதுப்பட்டை தடித்த பிறகே, அதற்கு எதிர்ப்பக்கத்தில் அடுத்த கீற்றை எடுக்கலாம். எடுத்த ஆண்டை மரத்தின்மேல் வண்ணத்தாற் குறித்துவைத்தல் மறதியைத் தடுக்கும்.

தேசிய மருத்துவத் தாவர வாரியத்தார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட சேகரிப்பு நெறிகளும் அடிமரத்தைச் சுற்றி உரித்தலைக் கண்டித்து, நீளவாட்டில் பகுதி பகுதியாக எடுப்பதையே வற்புறுத்துகின்றன.

இம்முறையின் இலாபத்தை எளிய கணக்கினால் அறியலாம். ஒரு மரத்தின் அடிமரப் பட்டை முழுவதையும் நான்கு பங்கு என்று கொள்வோம். ஒரே நாளில் நான்கு பங்கையும் உரித்தவனுக்கு அன்றோடு வரவு முடிந்தது. நிழலும், தழையும், விதையும், மரத்தின் விலையும் போயின. ஒருமுறைக்கு ஒரு பங்கு வீதம் எடுத்தவன் நான்கு முறை எடுத்தபின் அதே நான்கு பங்கைப் பெற்றுவிடுகிறான். அவனுடைய மரமோ முன்னிலும் பருத்து, ஐந்தாம் முறைக்கு நிற்கிறது.

உரிக்கப்பட்ட மரத்தைக் காப்பாற்றுதல்

திருட்டுத்தனமாகச் சுற்றிலும் உரிக்கப்பட்ட மரத்தைக் கண்டால் அன்றே செயலில் இறங்க வேண்டும். உரித்த இடம் இன்னும் வழுவழுப்பாயும் ஈரமாயும் இருந்தால் அதனைத் தேய்க்காமல், ஈரநாரால் மூடி வெயிலிலிருந்து காக்க வேண்டும். வளர்படலம் உயிருடனிருப்பின் புதுப்பட்டை உண்டாகக்கூடும். வளையம் குறுகியதாயிருந்தால், அதே மரத்தின் பென்சில் பருமனுள்ள இளங்கொம்புகள் சிலவற்றை எடுத்து, ஒரு முனையைப் புண்ணின் கீழ்ப்பட்டைக்குள்ளும் மறுமுனையை மேற்பட்டைக்குள்ளும் செருகிக் கட்டும் பால ஒட்டு முறையைக் கையாளலாம். ஒட்டுக்கட்டத் தெரிந்த தோட்டக்காரரின் உதவி இதற்கு வேண்டும்.

இவ்விரண்டும் இயலாவிடில், வேரின் சேமிப்புத் தீருமுன் வளையத்திற்குக் கீழே மரத்தைச் சாய்வாக அறுத்துவிடுவது மேல். மருதம், வேம்பு போன்றவை தூரிலிருந்து துளிர்க்கும் இயல்புடையன. நல்ல துளிர்கள் இரண்டொன்றை விட்டு மற்றவற்றைக் கழித்து, ஆடு கடியாமல் முள்வேலியிட்டால் பழைய வேரின் பலத்தினால் புதுமரம் விரைந்து வளரும். பச்சையாயிருக்கிறதே என்று காத்திருந்தால் வேரும் கெட்டு, தூரும் துளிர்க்காது. புறம்போக்கு மரமாயின் அனுமதி பெற்ற பின்னரே அறுக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டுவன

அண்ணாமலை மலைச் சரிவு ஒதுக்குக் காடாகும். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், ஒதுக்குக் காட்டில் மரத்தை வெட்டுவதை மட்டுமின்றி, அதனைச் சுற்றி வளையமிடுவதையும் பட்டை உரிப்பதையும் குற்றமென்று வெளிப்படையாகக் கூறுகிறது. ஆதலால் மரம் விழவில்லையே என்பது சமாதானமாகாது. ஏரிக்கரை, ஓடை, சாலையோரம் முதலிய புறம்போக்கு இடங்களிலுள்ள மரங்களை உரிப்பதற்கும் எவருக்கும் தாமாகவே உரிமை ஏற்படுவதில்லை. புதிய பட்டை உரிப்பைக் கண்டவுடன், இடம், மர வகை, எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, காடாயின் வன இலாகாவுக்கும், புறம்போக்காயின் தாசில்தாருக்கும் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும்.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு ஊராட்சியிலும் மேலாண்மைக் குழு ஒன்று அமைத்து, ஊரிலுள்ள மரஞ்செடிகளின் பதிவேட்டை எழுதிவைக்க வேண்டும். பட்டைக்காக உரிக்கப்படும் மரங்களை அப்பதிவேட்டில் தனியே குறித்துக்கொண்டால், ஆண்டுக்கு ஆண்டு அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது தெரியவரும்.

மற்றொரு விஷயமும் நினைவிலிருக்க வேண்டும். கத்தி பிடிப்பவன் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் ஏழையே. எடைக்கு இவ்வளவு என்று வியாபாரி பேசுவதால், விரைந்து நிறைய உரிப்பவனுக்கே கூலி கிடைக்கிறது. அவனை மட்டும் தண்டித்துவிட்டு, சரக்கை வாங்குவோனை விட்டுவிடுவதால் பயனில்லை. இதே மாவட்டத்தைச் சேர்ந்த ஜவ்வாது மலையிலும் பிற இடங்களிலும் வாழும் மலைவாழ் மக்களுக்கு, காட்டிற் கிடைக்கும் சிறு விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழங்கியிருக்கிறது. எந்த மரம் எதைத் தாங்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களைத் துணைக்கொண்டு முறையான சேகரிப்பை ஏற்படுத்துவதே நிலையான பரிகாரமாகும்.

நடுதலும் காத்தலும்

பட்டைக்கு விலை உள்ள வரையில் அதற்கு ஆசைப்படுவோரும் இருப்பர். ஆகவே காட்டு மரத்தின்மேல் விழும் சுமையைக் குறைக்க, பட்டாதாரர்கள் தமது நிலத்திலேயே இம்மரங்களை வளர்த்தல் வேண்டும். ஈரம் தங்கும் வாய்க்கால் வரப்பிலும் கிணற்றடியிலும் மருதமும், மேட்டு நிலத்து வேலியோரத்தில் வேம்பும் சரக்கொன்றையும், தரிசில் ஆவாரையும் நன்கு வளரும். இவற்றுள் ஆவாரை சில ஆண்டுகளிலேயே கொம்பறுக்கத் தயாராகிவிடும். மருதத்திற்குப் பொறுமை வேண்டும். ஆயினும் அது நிற்குமளவும் கரையை அரிப்பினின்றும் காத்து, நிலத்தின் மதிப்பையும் உயர்த்தும்.

அண்ணாமலைச் சரிவில் பல ஆண்டுக் காலம் தண்ணீர் சுமந்து, தீயணைத்து, கன்றுகளைக் காத்தவர்களின் உழைப்பை, சிறு கத்தி ஒன்று அரைமணி நேரத்தில் வீணாக்கிவிடக்கூடும். உரிய முறையை அறிந்த குடியானவனின் கையில் அக்கத்தியே மரத்திற்குக் கேடின்றி வருமானம் தரும் கருவியுமாகும். வரும் பருவத்தில் ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் தமது வரப்பிலும், கிராம அதிகாரிகள் தமது ஏரிக்கரைகளிலும் ஒருமுறை நடந்து, மரங்களின் அடிப்பாகத்தைச் சுற்றிப் பார்த்து வருவார்களாக. வளையமாக உரிக்கப்பட்ட மரம் ஒன்றேனும் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டுப் பிழைக்குமாயின், அந்நடையின் சிரமம் வீண்போகாது.